வழிகாட்டிக்குத் தெரிந்ததும் தெரியாததும்: காரில் ஜி.பி.எஸ். பயன்படுத்தத் தொடங்குவோருக்கு

குருவைத் தரிசிக்க ஆலங்குடி போவதென்று ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் திருச்சியிலிருந்து புறப்பட்டோம். ஊர்ப் பெயரைப் போனில் உள்ள வழிகாட்டியில் தட்டினேன். முதலில் வந்த பெயரைத் தொட்டேன். வண்டி கிளம்பியது. பேச்சு சுவாரசியத்தில் யாரும் வெளியே பார்க்கவில்லை. கீரனூர் நெருங்கும்போது பின் இருக்கையில் இருந்த பெரியம்மா, "ஏனப்பா, துவாக்குடி இன்னும் வரவில்லையே?" என்று கேட்டார். துவாக்குடி தஞ்சாவூர்ச் சாலையில் இருக்கிறது. நாங்கள் போய்க்கொண்டிருந்தது புதுக்கோட்டைச் சாலையில்.

புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி உண்டு. குரு தலம் இருப்பது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியில். கருவி எந்தத் தவறும் செய்யவில்லை. கேட்ட பெயரில் ஓர் ஊரைக் காட்டியது, வழியும் சரியாகவே சொன்னது. சேருமிடத்தின் மாவட்டத்தைப் பார்க்காமல் விட்டது நான்.

அதன் பிறகு இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். புதிதாகக் கார் ஓட்டப் பழகும் உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதுதான். உங்களோடு பேசுவது ஒரே குரல். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் மூன்று தனித்தனித் தகவல்கள் இருக்கின்றன. நீங்கள் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களை வைத்துக் கணக்கிடுகிறது. சாலைகள் எங்கே இருக்கின்றன என்பதை என்றோ தயாரித்த வரைபடத்திலிருந்து எடுக்கிறது. எந்தச் சாலையில் நெரிசல் என்பதைப் பிறருடைய போன்களிலிருந்து ஊகிக்கிறது. மூன்றையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. "இப்போது பேசுவது இவற்றில் எது?" என்று கண்டுகொள்ளப் பழகிவிட்டால், இந்தக் கருவியைப் பாதி கற்றுவிட்டீர்கள்.

வானத்திலிருந்து வருவது ஒரு நேர அறிவிப்பு

செயற்கைக்கோள் மேலிருந்து நம் காரைப் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது எதையும் பார்ப்பதில்லை. ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டும் அமைப்பின் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும் செய்தி, "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இவ்வளவு" என்பதுதான். நம் போனில் உள்ள சிறிய சில்லு அதைக் கேட்கிறது. வானொலிப் பெட்டி பாட்டுக் கேட்பதைப் போல, கேட்பது மட்டும்தான் அதன் வேலை. செயற்கைக்கோளுக்கு அது பதில் அனுப்புவதில்லை.

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இடிச் சத்தம் வர எத்தனை நேரம் ஆனது என்பதை வைத்து இடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்வோமே, அதே கணக்குதான் இங்கும். ஒலிக்குப் பதிலாக ரேடியோ அலை. அது வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளிலிருந்து நம்மை வந்தடைய ஒரு வினாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். கிளம்பிய நேரத்தையும் வந்த நேரத்தையும் கழித்தால் தூரம் கிடைக்கும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஆனால் செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம், நம் போனில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் மாறிவிடும். அந்தப் பிசகைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்காகவே நான்காவதாக ஒரு செயற்கைக்கோள் தேவைப்படுகிறது.

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. 1995-இல் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். நூறு மீட்டர் தள்ளிக் காட்டினால் எந்தத் தெருவில் திரும்புவது? அந்தக் கலப்பை நிறுத்திய பிறகுதான் கார் வழிகாட்டிகள் உண்மையில் பயனுள்ளவை ஆயின. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் இஸ்ரோவின் நாவிக் ஆகிய இதே போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. புதிய போன்கள் பலவும் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்தே கேட்கின்றன.

திறந்த வெளியில் ஒரு சாதாரணப் போன் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் நம் இடத்தைச் சொல்லிவிடும். இது வியக்கத்தக்க துல்லியம். ஆனால் நம் நெடுஞ்சாலைகளுக்கு இது போதாது. தேசிய நெடுஞ்சாலையும் அதை ஒட்டிய சர்வீஸ் சாலையும் சில மீட்டர் இடைவெளியில்தான் ஓடுகின்றன. நீங்கள் சர்வீஸ் சாலையில் இறங்கிவிட்டீர்களா, இன்னும் பிரதான சாலையில்தான் இருக்கிறீர்களா என்பது கருவிக்குச் சில சமயம் தெரிவதில்லை. உயரத்தைக் கணிப்பதில் பிழை இன்னும் அதிகம். அதனால் மேம்பாலத்தின் மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்று அது குழம்பும். சென்னை கத்திப்பாராவில் முதன்முறையாக ஓட்டியவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும். குரல் "இடது பக்கம் திரும்புங்கள்" என்கிறது. இடது பக்கம் இரண்டு பாதைகள் பிரிகின்றன. யோசித்து முடிப்பதற்குள் இரண்டையும் தாண்டிவிடுகிறோம்.

இதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். குழப்பமான சந்திப்பு வருவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பிருந்தே குரலைவிடப் பெயர்ப் பலகையை நம்ப வேண்டும். நெடுஞ்சாலையில் உள்ள பச்சை நிறப் பலகைகளில் ஊர்ப் பெயர்களும் அம்புக்குறிகளும் இருக்கும். அவை எந்தச் செயற்கைக்கோளையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. பாலத்துக்கு அடியில் உள்ள ஊருக்குள் போக வேண்டுமானால், பாலம் ஏறுவதற்கு முன்பே சர்வீஸ் சாலையில் இறங்க வேண்டும். பாலம் கண்ணில் பட்டவுடனே இடது பக்கத் தடத்துக்கு வந்துவிடுவது நல்லது.

உயரமான கட்டடங்களின் நடுவிலும் மெட்ரோ பாலத்தின் அடியிலும் சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும். வந்த பாதை நீளமாகிவிடுவதால் கருவி உங்களைப் பக்கத்துத் தெருவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கோவையிலிருந்து குருவாயூர் போகும் வழியில் உள்ள குதிரான் போன்ற சுரங்கப்பாதைக்குள் செயற்கைக்கோள் சிக்னலே கிடைக்காது. கடைசியாக இருந்த வேகத்தை வைத்து, "இந்நேரம் இங்கே இருப்பார்கள்" என்று கருவி ஊகித்துக்கொண்டு வரும். நிலத்தடி வாகன நிறுத்தத்திலிருந்து வெளியே வந்தவுடனும் இதே நிலைதான். நிற்கும் காரில் நீங்கள் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறீர்கள் என்பதும் அதற்குச் சரியாகத் தெரியாது. கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் அம்புக்குறி நேராகும். ஆகவே கிளம்பிய முதல் நிமிடத்தில் அது சொல்லும் "வடக்கு நோக்கிச் செல்லுங்கள்" என்பதைக் கேட்டுப் பதறி வண்டியைத் திருப்ப வேண்டாம்.

"சிக்னல் இல்லை" என்று நாம் சொல்லும்போது இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். செயற்கைக்கோள் சிக்னல் வேறு, செல்போன் கோபுரத்தின் சிக்னல் வேறு. முதுமலைக் காட்டுக்குள் போனில் ஒரு கோடுகூட இல்லாவிட்டாலும் செயற்கைக்கோள் சிக்னல் வந்துகொண்டேதான் இருக்கும். இல்லாமல் போவது, இணையம் வழியாக வர வேண்டிய வரைபடம். வீட்டில் வைஃபை இருக்கும்போதே போகும் பகுதியின் வரைபடத்தைப் போனில் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மலைக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். காருடனேயே வரும் திரையிலும் தனியாக விற்கும் வழிகாட்டிக் கருவியிலும் வரைபடம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அவற்றில் மறக்கக் கூடாதது, அந்த வரைபடத்தை அவ்வப்போது புதுப்பிப்பது.

வரைபடம் என்பது பழைய செய்தி

என் கவலை முழுவதும் இந்த இரண்டாவது தகவலைப் பற்றித்தான். செயற்கைக்கோள் பிசகினால் பத்து மீட்டர் தள்ளிப் போவோம். வரைபடம் பிசகினால் ஆற்றுக்குள் போய்விடலாம்.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கை ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி அதற்கு முன்பே வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிருந்தது. அவர்கள் போனில் வழி பார்த்தபடி வந்ததாகச் செய்திகள் வந்தன. பாலத்தின் முன்னே சரியான தடுப்பு வைக்காதது பெரும் குற்றம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, தெரியாத ஊரில் இருட்டிய பிறகு ஆள் நடமாட்டமில்லாத குறுக்குவழியை எந்தக் கருவி காட்டினாலும் நான் போவதில்லை. 2024 ஜனவரியில் நம் கூடலூரில், விரைவான வழி என்று நம்பிப் போன ஒரு கார் குடியிருப்புப் பகுதியின் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

வரைபடத்தில் ஒரு கோடு இருந்தால் அங்கே வழி இருக்கிறது என்று பொருள். அது எவ்வளவு அகலம், எவ்வளவு செங்குத்து, இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்தால் தெரியாது. மழைக்காலத்துத் தரைப்பாலத்தைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை. வரைபடத்துக்கு அது ஆண்டு முழுவதும் சாலை. அணை திறந்த அன்று அதன் மேல் தண்ணீர் ஓடுவது அதற்கு எப்படித் தெரியும்? ஓடும் நீர் ஓர் அடி உயரம் இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கிவிடும். இரண்டு அடி நீர் பெரிய வண்டிகளையும் இழுத்துவிடும். ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரும் அப்படித்தான், ஆழம் மேலிருந்து தெரியாது. தண்ணீரைக் கண்டால் நிறுத்துங்கள். குரல் "நேராகச் செல்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இருக்கட்டும்.

மலைப்பாதைகளில் இன்னொரு சிக்கல். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கக் கல்லட்டி வழிதான் தூரம் குறைந்தது, அதனால் கணக்குப் பார்க்கும் கருவிக்குப் பிடித்தமானது. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளும் கடுமையான சரிவும் கொண்ட அந்தப் பாதையில் பிரேக் பிடிக்காமல் போய் எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன. வெளியூர் வாகனங்களை அந்த வழியே இறங்க விடுவதில்லை. பந்திப்பூர்க் காட்டு வழியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து இல்லை. திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். இவற்றையெல்லாம் உங்கள் கருவி சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். மலைக்குப் போகும் முன் அங்கே தங்கப்போகும் விடுதிக்கு ஒரு போன் செய்து, "எந்த வழியில் வருவது, எத்தனை மணிக்குள் வருவது?" என்று கேட்டுவிடுங்கள்.

வண்டி வகையையும் சரிபார்க்க வேண்டும். கூகுள் மேப்பில் 2017 டிசம்பரில் இருசக்கர வாகனத்துக்கெனத் தனி வழி இந்தியாவில்தான் முதலில் வந்தது. நேற்று மகன் பைக்குக்காகத் தேர்ந்தெடுத்ததை மாற்றாமல், இன்று அப்பா அதே போனைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினால், சந்து சந்தாகத்தான் போக வேண்டியிருக்கும். தெரியாத ஊரின் குறுகிய தெருவுக்குள் கார் மாட்டிக்கொள்வதற்குப் பல நேரங்களில் காரணம் திரையில் வண்டி வகையைக் காட்டும் இந்தச் சிறு படம்தான்.

நெரிசலைச் சொல்வது யார்?

சாலையில் சிவப்பும் மஞ்சளும் தெரிகிறதே, அது அங்கே போய்க்கொண்டிருக்கும் போன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதை வைத்துத் தீட்டப்படுவது. நகரத்தில் இது மிகவும் நம்பத்தக்கது, ஏனென்றால் போன்கள் ஏராளம். கிராமத்துச் சாலையில் இரண்டு வண்டிகள்கூட இல்லாதபோது அந்தச் சாலை தெளிவாகத் தெரிவதில் பெரிய பொருள் ஒன்றுமில்லை. யாருமே போகாததற்கு அங்கே சாலை வெட்டப்பட்டிருப்பதும் காரணமாக இருக்கலாம். தேர்த் திருவிழாவோ வாரச் சந்தையோ நடக்கும் ஊரில், வண்டிகள் போய் நின்று தேங்கிய பிறகுதான் அதற்குச் செய்தியே கிடைக்கும்.

ஓட்டும்போது

சேருமிடத்தைத் தேடுவது, வழியைத் தேர்வது, குரலின் அளவைக் கூட்டுவது எல்லாம் வண்டி நகர்வதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வழி முழுவதையும் ஒருமுறை விரல்களால் சுருக்கிப் பாருங்கள். எந்தெந்தப் பெரிய ஊர்கள் வழியாகப் போகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "திருச்சி, தஞ்சாவூர், நீடாமங்கலம்" என்று நான் அன்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் கீரனூர் போயிருக்க மாட்டேன்.

போனைக் கையில் பிடித்தபடியோ, மடியில் வைத்தோ, கியருக்குப் பக்கத்தில் உள்ள குழியில் போட்டோ வழி பார்க்கக் கூடாது. கையில் பிடிக்கும் போனை ஓட்டும்போது வழி பார்ப்பதற்கு மட்டுமே, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் சொல்கிறது. ஒரு நல்ல ஸ்டாண்டு வாங்கி, கண்ணாடி வழியே சாலையைப் பார்ப்பதற்குக் குறுக்கே வராதபடி தாழ்வாகப் பொருத்துங்கள். ஏர்பேக் விரியும் இடத்தின் மேல் வைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் டேஷ்போர்டின் மேல் உள்ள போன் சூடேறித் திரையை மங்கலாக்கிவிடும், சில சமயம் அணைந்தே போகும். ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் மாட்டும் ஸ்டாண்டு அதனால் எனக்குப் பிடித்தது. சார்ஜர் வயர் ஸ்டியரிங்கிலோ கியரிலோ சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால், வண்டி 44 மீட்டர் போய்விடும். கிட்டத்தட்ட நான்கு பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம். அந்த நீளத்தில் ஓர் ஆடு குறுக்கே வரலாம், ஒரு குழந்தை ஓடலாம். ஆகவே கண்ணுக்கு வேலை கொடுக்காமல் காதுக்குக் கொடுங்கள். குரலைத் தமிழில் வைத்துக்கொள்ள முடியும். ஊர்ப் பெயர்களை அது உச்சரிப்பது முதலில் விசித்திரமாக இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். ஆங்கிலத்தில் கேட்டு, மனதுக்குள் மொழிபெயர்த்து, பிறகு திரும்பும் அம்மா அப்பாக்களுக்கு இந்த ஒரு மாற்றம் எவ்வளவு நிம்மதி தருகிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் திரையை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். வழியை மாற்றுவது, பெட்ரோல் பங்க் தேடுவது எல்லாம் அவர் வேலை. தனியாகப் போகிறீர்களா? ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் திரையைத் தொட வேண்டும்.

திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். நேராகப் போய்க்கொண்டிருங்கள். சில வினாடிகளில் அது புதிய வழி சொல்லும். தவறிப் போனதைப் பிடிக்கத் திடீரென்று பிரேக் அடிப்பதும், நெடுஞ்சாலையில் பின்னோக்கி எடுப்பதும், எதிர்த் திசையில் சர்வீஸ் சாலையில் ஏறுவதும் நம் சாலைகளில் அன்றாடம் நடக்கின்றன. பின்னால் லாரி வருகிறது என்பதை அந்த நொடியில் மறந்துவிடுகிறோம். அடுத்த யு-டர்ன் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இருக்கட்டும், போய்த் திரும்பி வாருங்கள்.

திரையின் கீழே தெரியும் சேரும் நேரத்தோடு போட்டி போட வேண்டாம். 11.40 என்று காட்டுகிறதா, 11.30-க்குப் போய்க் காட்டுகிறேன் என்று வேகத்தைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. 50 கிலோமீட்டர் தூரத்தை 80-இல் போவதற்குப் பதில் 100-இல் போனால் மிச்சமாவது ஏழரை நிமிடம். அதுவும் ஒரு சுங்கச்சாவடி வரிசையில் கரைந்துவிடும். கருவி உணவுக்கும் தேநீருக்கும் நிறுத்தும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டில் காத்திருப்பவர்களிடம் ஒரு மணி நேரம் தள்ளியே சொல்லுங்கள்.

கடைசி இருநூறு மீட்டர்

"சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று குரல் சொல்கிறது. எதிரே ஒரு மதில் சுவர். இது பலருக்கும் நேர்ந்திருக்கும். மருத்துவமனை, கல்யாண மண்டபம் போன்ற பெரிய வளாகங்களில் வரைபடக் குறி நடுவில் இருக்கும். அந்தக் குறிக்கு மிக அருகில் உள்ள சாலைக்கு நம்மைக் கொண்டுபோய் விடுவதோடு கருவியின் வேலை முடிகிறது. அந்தச் சாலை பின்புறத்துத் தெருவாக இருந்தால் சுவர்தான் தெரியும். அவசரமாக மருத்துவமனைக்குப் போகிறவர்களை இது எவ்வளவு அலைக்கழிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊர் மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை இப்போதே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு முகவரியில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும் ஊர்களில், கதவு எண்ணைத் தட்டித் தேடுவதைவிட அங்கே இருப்பவரிடம் லொக்கேஷன் அனுப்பச் சொல்வது மேல். அனுப்புகிறவருக்கு ஒரு வேண்டுகோள்: கூடத்தில் சோபாவில் உட்கார்ந்தபடி அனுப்பாதீர்கள். கூரைக்குக் கீழே இடம் பிசகும், அடுத்த தெருவில் குறி விழும். வெளியே வந்து, கார் நிற்க வேண்டிய வாசலில் நின்று, திரையில் உள்ள நீலப் புள்ளி அடங்கி நிற்கும்வரை அரை நிமிடம் பொறுத்து, அங்கிருந்து அனுப்புங்கள்.